நகரசபை வாசலில் மட்டும் புருசன் பெண்சாதி

பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் கந்தோருக்கு, போனால் நான் விதவை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர் திரையைப் பார்த்து அந்தச் சொல்லைச் சாதாரணமாக வாசிப்பார். அங்கிருந்து பஸ் எடுத்து, எங்கள் தமிழ் ஆட்கள் குடியிருக்கிற சீசாவில் இறங்கினால் நான் கலியாணம் ஆகாத பிள்ளை. எங்கள் சனத்தில் யாரும் என்னை விதவை என்று சொன்னதில்லை. சொன்னால் அம்மா சண்டைக்குப் போவார்.

காரணம் எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் இரண்டு தரம். ஒன்று எழுத்து, மற்றது தாலி. எழுத்து என்பது அரசாங்கத்துக்கு முன்னால் கையெழுத்து வைக்கிறது. அதோடு சட்டப்படி புருசன் பெண்சாதி. சனத்தின் கண்ணில் அது ஒன்றுமில்லை, பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்து வைத்த மாதிரி. தாலி ஏறும் வரைக்கும் பெண் தாய் வீட்டில்தான் இருப்பாள். மாப்பிள்ளையோடு தனியே வெளிக்கிட்டால் கதை வரும். ஊரில் இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நாள்தான். வெளிநாட்டில் விசா, மண்டபம், நல்ல நாள் எல்லாம் ஒன்றுசேர வேண்டும், அதனால் இழுபடும். எனக்கு அது இழுபட்டு, முடியாமலே போனது.

எனக்கு எழுத்து நடந்தது நாங்கள் இருக்கிற இத்தாலியின் பலெர்மோ நகரசபை மாளிகையில். வியா மக்வேதாவில் கடை கடையாக நடந்து வந்தால் ஒரு பக்கம் படிகள் ஏறி ஒரு சதுக்கம் வரும். நடுவில் பெரிய நீரூற்று, அதற்குப் பின்னால் மாளிகை. அது மறுமலர்ச்சிக் காலத்துக் கட்டடம் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். அதற்கு முந்தியே அங்கே ஏதோ இருந்ததாம், பிறகு வந்தவர்களும் தங்கள் பங்குக்கு முகப்பில் கை வைத்தார்களாம். எது எந்தக் காலத்துக் கல் என்று எனக்கு இன்றும் தெரியாது. வாசலில் கல்லில் வெட்டிய கழுகு. உச்சியில் இந்த ஊரைக் காக்கிற புனிதை சந்தா ரொசாலியா நிற்கிறாள். எங்கள் சனம் சைவம், கிறிஸ்தவ வேதம் என்று பாராமல் அவளுடைய மலைக்கு நடந்து போய் நேர்த்தி வைப்பார்கள். அதனால் அந்தக் கட்டடத்தைப் பார்த்து அம்மா ஒருபோதும் பயந்ததில்லை. கீழே ஊற்றில் நின்ற சிலைகளைப் பார்த்துத்தான் பயந்தார்.

அந்தச் சிலைகளில் முக்கால்வாசிக்கு உடுப்பு இல்லை. ஃபுளோரன்ஸில் ஒரு பிரபுவின் தோட்டத்துக்கென்று செய்து, பிறகு துண்டு துண்டாகக் கழற்றி இங்கே கொண்டுவந்து பொருத்தியவை. ஊர்க்காரர்களே அந்த இடத்தை வெட்கச் சதுக்கம் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் வன்னியிலிருந்து வந்த புதிதில், எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், அம்மா அக்காவையும் என்னையும் அந்தப் பக்கம் கூட்டிப்போகும்போது எங்கள் தலையைப் பிடித்து மற்றப் பக்கம் திருப்பி விடுவார். அப்படிப்பட்டவர் தன் மகளின் எழுத்தை அந்தச் சதுக்கத்திலேயே வைக்க வேண்டி வந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

அக்காவுக்கும் எழுத்து இப்படியொரு பழைய நகரசபையில்தான் நடந்தது. அவள் ஜெர்மனிக்குக் கலியாணம் செய்து போனவள். அந்தச் சின்னப் பட்டணத்தின் நடுவில் படிப்படியாக ஏறும் கூரையும், மரச்சட்டம் போட்ட யன்னல்களும், ஒரு மணிக்கூடுமாக ஒரு கட்டடம். ராட்ஹவுஸ் என்பார்கள். அதுவும் அதே மறுமலர்ச்சிக் காலமாம். எழுத்து முடிந்து தாலி கட்டும் வரை அவள் அங்கே எங்கள் சித்தி வீட்டில் சில மாதம் இருந்தாள், குடி ஒன்றும் முழுகவில்லை. என்னுடைய எழுத்துக்கு முதல் நாள் போன் எடுத்துச் சொன்னாள்.

"உதுக்கெல்லாம் ஏன் பதறுறாய்? எழுத்து எண்டது பல்லுப் பிடுங்கிற மாதிரி. போய் இருக்கிறது, கையெழுத்து வைக்கிறது, எழும்பி வாறது."

எனக்குப் பார்த்த மாப்பிள்ளை கடற்கரையோரம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்தார். கணவாய் துப்புரவாக்குவது, மட்டி கழுவுவது, நெருக்கமான நாளில் அடுப்படியும். வன்னிக்காரர்தான். எனக்கு மூன்று வயது மூப்பு. இந்த ஊரில் அவருக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை, வியா மக்வேதாவுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் வேறு பெடியன்களோடு அறை எடுத்திருந்தார். சம்பந்தம் பேசிச் செய்ததுதான், ஆனால் பேச்சு முடிந்த பிறகு நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாக விரும்பிவிட்டோம். அதை இங்கே வெட்கப்படாமல் எழுதுகிறேன். அவர் என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லைக் கேட்கவே நான் போன் எடுப்பேன்.

எழுத்தன்று மாளிகையின் முற்றத்தைக் கடந்து, படி ஏறி, உள்ளே ஒரு கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். உயரமான முகடு, சிவப்புத் துணி போட்ட கதிரைகள், சுவரில் பழைய எழுத்துகள் வெட்டிய சலவைக்கல். நான் கனகாலம் இந்த ஊரில் இருந்தும் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தது அன்றுதான். வேலைக்குப் போகிற வீடுகளைத் தவிர இந்த ஊரின் பெரிய கதவுகள் எங்களுக்காகத் திறந்ததில்லை. அன்று எனக்காகத் திறந்தது. நான் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியில் ஏறும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

மூவர்ணப் பட்டி போட்ட ஒரு சிஞ்ஞோரா, நகரசபை அதிகாரி அம்மா, எங்களுக்கு முன்னால் நின்று சட்டத்தின் வரிகளை வாசித்தார். ஒருவருக்கு ஒருவர் உண்மையாக இருக்க வேண்டும், துணையாக இருக்க வேண்டும், ஒன்றாக வாழ வேண்டும். என் மாப்பிள்ளையின் இத்தாலி குசினி இத்தாலி, ஆகையால் நான் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்றாக வாழ வேண்டும் என்ற இடம் வந்ததும் அவர் குனிந்து சொன்னார்.

"அந்த வரியை மாமிக்கு விளங்கிற மாதிரி இன்னொருக்கா வாசிக்கச் சொல்லும்."

அவருடைய மாமி, என் அம்மா, பின்னாலிருந்து முறைத்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்த சிஞ்ஞோரா அவரிடம், இவளை மனைவியாக ஏற்கிறீரா என்று கேட்க, பதற்றத்தில் "ஓம்" என்று உரக்கச் சொல்லிவிட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. அந்த சிஞ்ஞோராவும் சிரித்துவிட்டு, மன்னிக்க வேண்டும், சட்டத்துக்கு இத்தாலியில் வேண்டும் என்று மறுபடி கேட்டார். "சீ" என்றார், இத்தாலியில் ஆம் என்பதற்கு அதுதான் சொல். மோதிரம் மாற்றினோம். கையெழுத்து வைத்தோம்.

வெளியே வந்ததும் படம் எடுக்கிற பாடு தொடங்கியது. வன்னியில் இருக்கிற அவருடைய தாய் தகப்பனுக்கு, என் மாமிக்கும் மாமாவுக்கும், அன்றைக்கே படம் அனுப்ப வேண்டும். மாளிகையை வைத்து எடுத்தால் நடுவில் ஊற்று வரும், ஊற்று வந்தால் சிலைகள் வரும். இந்தப் பக்கம் நின்றால் ஒரு தேவதையின் முதுகுப்புறம், அந்தப் பக்கம் நின்றால் அதைவிட மோசம். அம்மா, "உதோடை படத்தை அனுப்பினால் சம்பந்தி என்ன நினைப்பினம்?" என்று தவித்தார். கடைசியில் எங்களை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய் எடுத்து, மிச்சத்தைப் போனில் வெட்டிவிட்டு, நாங்கள் இருவரும் பின்னால் ஒரு கல்ச் சிங்கத்தின் பாதித் தலையுமாக ஒரு படம் மிஞ்சியது. மாளிகையும் இல்லை, கழுகும் இல்லை, பட்டி போட்ட சிஞ்ஞோராவும் இல்லை. மிருகக்காட்சிச் சாலைக்குப் போன மாதிரி இருந்தது. அதையே அனுப்பினோம்.

பிறகு ஒரு கடையில் நின்றபடி ஆளுக்கொரு அரஞ்சீனா, பொரித்த சோற்று உருண்டை, சாப்பிட்டோம். அவர் தன் அறைக்குப் போனார். நானும் அம்மாவும் சீசாவுக்கு பஸ் எடுத்தோம். வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்துவிட்டு இரவுக்குப் புட்டு அவித்தேன். ஆவணியில் தாலி என்று நாள் குறித்திருந்தது. சீசாவிலேயே எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீடும் பார்த்து வைத்திருந்தோம்.

வெயில் காலம் தொடங்க முன்னமே வன்னியில் மாமா இறந்துபோனார். நல்ல மனிதன், எனக்குக் குரல் மட்டும்தான் பழக்கம். துக்கம் ஒரு பக்கம் இருக்க, எங்கள் முறைப்படி தகப்பன் செத்த வருடத்தில் மகன் தாலி கட்டக்கூடாது. ஆட்டைத் திவசம், அதாவது ஒரு வருடத் திவசம், முடிய வேண்டும். தாலிக்குப் பொன்னுருக்க எடுத்து வைத்த பவுணை அம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பார்த்து வைத்த வீட்டை வேறு யாரோ எடுத்தார்கள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா நாங்கள் இங்கே வந்து சில வருடங்களில் நோயில் போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் சனத்தின் கலியாணங்களில் அம்மா பின் வரிசையில்தான் இருப்பார். ஆரத்தி எடுக்க யாரும் கூப்பிட மாட்டார்கள், ஆரத்தித் தட்டையே அவருக்குக் கிட்டக் கொண்டுவர மாட்டார்கள். பலெர்மோவுக்கு வந்தும் இந்தப் பழக்கத்தை மட்டும் ஒருவரும் விமானத்தில் மறந்து விட்டுவிட்டு வரவில்லை. அதனால் அம்மாவுக்கு ஒரே பயம், மகளின் பெயர் கெடக்கூடாது, மகள் ஒரு நாளும் தன் வரிசைக்கு வரக்கூடாது. யார் கேட்டாலும், தமிழரானாலும் வெள்ளையரானாலும், அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "இன்னும் கலியாணம் முடியேல்லை. எழுத்து மட்டும்தான்." வெள்ளையருக்கு எழுத்து விளங்காது. ஆகவே அவர்களுக்கு ஒரே சொல்லில், "ஃபிதன்சாத்தா." நிச்சயம் செய்த பெண். சந்தையில் மீன்காரனிடமும் அதைத்தான் சொல்வார்.

அந்த வருடம் முழுக்க நாங்கள் சந்தித்த இடம் நகரசபை வாசல். திங்கட்கிழமை அவருடைய கடை பூட்டு. நான் வேலைக்குப் போய்ப் பராமரிக்கிற வயதான சிஞ்ஞோரா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நித்திரை கொள்வார், அந்த நேரம் அவருடைய மகள் வந்து இருப்பாள். நான் வெளிக்கிட்டு ஓடி வருவேன். நாலு பேர் பார்க்கிற வெளியிடம் என்பதால் அம்மா அதற்கு மட்டும் சம்மதித்திருந்தார். மாளிகைக்கு முன்னால் ஊற்றின் பக்கத்துப் படியில் இருப்போம். அவர் எப்போதும் சிலைகளுக்கு முதுகு காட்டித்தான் இருப்பார். "எனக்கு நேரை பார்த்துக் கதைக்க ஏலாது, அந்தாள் உத்துப் பாக்குது," என்பார், உடுப்பில்லாத ஒரு கிழச் சிலையைக் காட்டி.

அங்கே வாசலில் நிற்கிற காவல்காரர் எங்களை எழுத்தன்றே பார்த்தவர். ஒவ்வொரு தரமும் தொப்பியைத் தொட்டு, புதுத் தம்பதியைக் கூப்பிடுகிற செல்லப் பெயரால், "ஸ்போசீனி" என்று கூப்பிடுவார். இந்த ஊர் முழுவதிலும் எங்களைப் புருசன் பெண்சாதி என்று நினைத்த ஒரே ஆள் அவர்தான். அவர் கூப்பிட்டதும் என் புருசன் முகத்தில் வருகிற சிரிப்பைப் பார்க்க வேண்டும். எழும்பி நின்று பதில் வணக்கம் சொல்வார். அந்தக் கல்லுகளுக்கு நடுவில், அந்தக் கொஞ்ச நேரம், எனக்கு ஒரு வீடு இருந்தது என்றுதான் சொல்லுவேன்.

ஒரு திங்கட்கிழமை எனக்குப் பொறுமை அற்றுப்போனது. மழை தூறிக்கொண்டிருந்தது, உல்லாசப் பயணிகளுக்காக நிற்கிற குதிரை வண்டிக்காரர்கள் கூட வீட்டுக்குப் போய்விட்டார்கள், நாங்கள் மட்டும் ஒதுங்க வேறு இடமில்லாமல் வாசல் வளைவுக்குள் நின்றோம். இவ்வளவு பெரிய நகரத்தில் சட்டப்படி புருசனும் பெண்சாதியும் ஒதுங்கி நிற்கத் தங்களுக்கென்று ஒரு தாழ்வாரம் இல்லை.

"ஒரு வீடு எடுப்பம்," என்றேன். "ஆருக்கும் சொல்ல வேண்டாம். எனக்குத் தாலி வேண்டாம், உங்களோடை ஒரே வீட்டிலை இருந்தால் காணும்."

அவர் மழையைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையோ? ஆனால் அம்மா அங்கை தனிச்சுப் போனா. அண்ணையைச் சண்டையிலை குடுத்தவ, அவன்ரை உடம்பைக்கூடக் காணேல்லை. இப்ப அப்பாவும் இல்லை. நான் தாலி கட்டுறதைப் போனிலை எண்டாலும் பாக்க வேணும் எண்டு இருக்கிறா. அந்த ஒண்டையும் பறிச்சால் நான் மனிசனோ? கொஞ்சம் பொறும்."

எனக்குக் கோபம் வந்தது. போய்விட்டு வாறன் என்று கூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் சொன்னது சரி என்பதுதான் கூடுதல் கோபம். அடுத்த திங்கள் வழமைபோலப் போனேன், அவர் வழமைபோலச் சிலைகளுக்கு முதுகு காட்டி இருந்தார், கடையிலிருந்து கொண்டுவந்த பொரித்த கணவாயைத் தாளில் சுற்றி வைத்திருந்தார். இருவரும் சாப்பிட்டோம்.

ஆட்டைத் திவசத்துக்கு அதிக நாள் இல்லை. ஒரு நாள் காலை, கடை திறக்க முன்னம், குசினியில் மட்டி கழுவிக்கொண்டு நின்றவர் அப்படியே கீழே விழுந்தாராம். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். கடைக்காரர் அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு அடித்தார். அம்மாதான் எடுத்தார். வேலையில் நின்ற எனக்குப் போனில் சொல்லிவிட்டு அம்மா உடனே வைத்தியசாலைக்குப் போனார். நான் சிஞ்ஞோராவைத் தனியே விட்டுவிட்டு வெளிக்கிட முடியாது. மகளுக்குப் போன் அடித்து, அவள் வந்து சேரும் வரை கதவடியில் சப்பாத்தோடு நின்றேன். சிஞ்ஞோரா உள்ளேயிருந்து கோப்பி கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

அவசர சிகிச்சைப் பிரிவுக் கதவடியில் அம்மா ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். நான் மணியை அழுத்தினேன். ஒரு தாதி கதவைப் பாதி திறந்தார்.

"நான் அவருடைய மனைவி," என்றேன் இத்தாலியில்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். முரட்டுத்தனம் ஒன்றுமில்லை, குழம்பிப்போய்த்தான் கேட்டார்.

"நீங்கள் நிச்சயம் செய்த பெண் என்று உங்கள் அம்மா சொன்னாரே? மனைவி இல்லை என்றார். இப்போது உள்ளே குடும்பத்தவர் மட்டும்தான் வரலாம். அவருக்கு இங்கே குடும்பம் யாராவது இருக்கிறார்களா?"

எனக்கு விளங்கிவிட்டது. நான் வர முன்னமே கேட்டிருக்கிறார்கள், மனைவி இருக்கிறாவா, உள்ளே வரட்டும் என்று. மகளின் பெயரைக் காப்பாற்றிக் காப்பாற்றிப் பழகிய வாய், அந்த நேரத்திலும் பழகியதைச் சொல்லிவிட்டது. ஃபிதன்சாத்தா. மீன்காரனுக்குச் சொன்ன அதே சொல்.

"இல்லை, நகரசபையில் கலியாணம் செய்தோம், போன வருடம்," என்று போனைத் திறந்து படத்தைக் காட்டினேன். தாதி குனிந்து பார்த்தார். சேலை கட்டிய ஒரு பெண், கோட்டுப் போட்ட ஒரு ஆண், பின்னால் அரைச் சிங்கம். எங்கே எடுத்த படம் என்று யார் சொல்ல முடியும்? மாளிகையைத்தான் நாங்களே வெட்டிவிட்டோமே. அம்மா கதிரையிலிருந்து எழும்பி வந்து, தனக்குத் தெரிந்த இத்தாலி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினார். மனைவி, கலியாணம் இல்லை, ஆனால் கையெழுத்து, தாலி இல்லை. கேட்ட தாதிக்கு இன்னும் குழம்பிற்று. கொஞ்சம் பொறுங்கள், டொக்டரைக் கேட்கிறேன் என்று உள்ளே போனார்.

டொக்டர் தானே வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அம்மா சுவரைப் பிடித்தார். அதற்குப் பிறகு என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கதவை அகலத் திறந்து உள்ளே விட்டார்கள். என் புருசனின் கை இன்னும் சூடாக இருந்தது. நகங்களுக்கு ஓரத்தில் மட்டியின் கறுப்பு இருந்தது. நான் கொஞ்சம் முன்னம் உள்ளே போயிருந்தாலும் அவர் கண் திறந்திருக்க மாட்டார், ஒன்றும் கேட்டிருக்காது என்று டொக்டர் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரோ, உண்மையைச் சொன்னாரோ. நான் அங்கே இருந்திருப்பேன், அவ்வளவுதான். அவர் தனியே போனார்.

அம்மா அன்று வீட்டில் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதார். "நான் என்னத்தைச் சொன்னனான், வழமையாச் சொல்லுறதைத்தானே சொன்னனான்." நான் சமாதானம் சொல்லவில்லை. அன்று நான் அம்மாவை வெறுத்தேன். அந்த வெறுப்பு முழுதாகப் போய்விட்டது என்று எழுதினால் பொய். ஆனால் அம்மாவை அந்தப் பின் வரிசையில் இருத்தினவர்களை அதைவிடக் கூட வெறுக்கிறேன்.

மறுநாள் பார்த்தால் எல்லோருக்கும் நான் தேவைப்பட்டேன். உடம்பை எடுக்க மனைவியின் கையெழுத்து வேண்டும், எரிக்க மனைவியின் கையெழுத்து வேண்டும். அது வரைக்கும் எழுத்து மட்டும்தானே என்று சொன்ன வாய்கள், எழுத்துப் பத்திரம் எங்கே பிள்ளை என்று கேட்டன. போகச் சொன்ன இடமெல்லாம் நான் போனேன். ஒரு தரம் பஸ் வியா மக்வேதாப் பக்கம் சுற்றிப் போனபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

உடம்பை ஊருக்கு அனுப்ப வேண்டாம் என்று மாமி போனில் சொன்னார். "பெட்டியைத் திறந்து பாக்க என்னாலை ஏலாது. அங்கையே செய்யுங்கோ." அதனால் வைத்தியசாலைக்குப் பின்னால், பிரேதம் வைக்கிற சின்ன மண்டபத்தில் கிரியை செய்ய ஒழுங்காயிற்று.

முதல் நாள் எங்கள் வீட்டில் பெண்கள் கூடினார்கள். மேல்வீட்டு அக்கா என்று ஒருவர் இருக்கிறார், எங்கள் கட்டடத்தில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்லித்தான் நடக்கும். கெட்ட மனம் இல்லை, வாய்தான் சட்டம்.

"தாலி ஏறாத பிள்ளைக்குத் தீட்டுத் துடக்குமில்லை, ஒண்டுமில்லை," என்றார். "வெள்ளைச் சீலை கட்ட வேண்டாம். பொட்டை அழிக்க வேண்டாம். பின்னுக்கு எங்களோடை நிக்கட்டும். வாய்க்கரிசி உரித்துக்காரர் போடுறது, இவள் போடக்கூடாது. போட்டால் நாளைக்கு ஆர் வந்து இவளைக் கேப்பான்?"

அம்மா தலையை ஆட்டினார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் பட்டது காணும் பிள்ளை. நீயும் என்னோடை வந்து இருக்காதை." பெற்ற தாய் கும்பிட்டால் என்ன செய்வது? நான் அறைக்குள் போனேன். யோசிக்க ஒன்றுதான் இருந்தது. எல்லா இடத்திலும் மனைவி என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்தவள், அவருக்கு முன்னால் மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக நிற்க வேண்டும்.

பச்சைப் பூப்போட்ட சேலை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். மண்டபத்தில் அவரோடு அறையில் இருந்த பெடியன்கள், கடைக்காரரும் அவர் மனைவியும், எங்கள் சனம் கொஞ்சம். அவருக்கு எழுத்தன்று போட்ட அதே கோட்டைப் போட்டிருந்தார்கள். கிரியை செய்ய வந்த ஐயா பகலில் வேறு வேலை செய்கிறவர், தேவாரம் நன்றாகப் பாடுவார். கொள்ளிக் கடமைக்கு அறைத்தோழர் ஒருவர் தர்ப்பை போட்டிருந்தார். மாமி பார்க்க வேண்டும் என்று ஒரு பெடியன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். நான் சுவரோடு நின்றேன், மேல்வீட்டு அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

வாய்க்கரிசிக்கு ஐயா கூப்பிட்டார். உரித்துக்காரர் வாருங்கோ என்றார். ஒருவரும் நகரவில்லை. உரித்து என்று வர இந்த ஊரில் அவருக்கு யார் இருக்கிறார்கள்? பெடியன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போது போனுக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. இணைப்பு விட்டு விட்டு வந்தது.

"பிள்ளை எங்கை நிக்கிறா? அவளைக் கூப்பிடுங்கோ."

"அவ பின்னுக்கு நிக்கிறா, அம்மா," என்றான் போன் பிடித்தவன்.

"முன்னுக்கு வரச் சொல்லு. என்ரை கை அங்கை எட்டாது. என்ரை பங்கை அவள் போடட்டும்."

தாய் கேட்டதை மறுக்க மேல்வீட்டு அக்காவாலும் முடியவில்லை. தாய்க்காகத்தானே, தனக்காக இல்லையே என்று கையை விட்டார். நான் நடந்து போனேன். தட்டில் அரிசி இருந்தது. ஒரு பிடி அள்ளி, போனைப் பார்த்து, "மாமி, உங்கடை," என்று சொல்லி அவருடைய வாயில் போட்டேன். சில அரிசி உதட்டில் நின்றது, மிச்சம் கழுத்துப் பட்டிக்குள் உருண்டு போனது.

போட்டதும் விலக வேண்டும். நான் விலகவில்லை. குனிந்து இன்னொரு பிடி அள்ளினேன்.

ஐயா கையைக் குறுக்கே நீட்டினார். கோபமில்லை, முறைக்குக் கேட்டார்.

"போட்டாச்செல்லோ பிள்ளை. இது ஆரின்ரை?"

எனக்குப் பின்னால் அம்மா நிற்கிறார் என்று தெரியும். சனம் முழுக்க நிற்கிறது என்றும் தெரியும்.

"அது தாயின்ரை, ஐயா," என்றேன். "இது மனிசியின்ரை."

யாரோ என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்கள். அம்மாவாக இருக்கலாம், நான் திரும்பிப் பார்க்கவில்லை. போனில் மாமி அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஐயா கையை எடுத்தார். நான் அரிசியை அவருடைய வாயில் போட்டு, உதட்டிலும் தாடையிலும் சிந்தியதை விரலால் ஒதுக்கிவிட்டேன். எங்கள் சனத்துக்கு முன்னால் அவருடைய முகத்தை நான் தொட்டது அன்று மட்டும்தான்.